காரணம் கேட்பதில்லை

வடக்கு நார்வேயில், எங்கள் துறைமுக ஊருக்கு
சரக்கு விற்க இருப்பது ஒரே கடை. அரசாங்கக் கடை.
சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாத்திவிடுவோம்.
ஞாயிறு திறப்பதில்லை, கெஞ்சினாலும்.

வயதைக் கேள் என்கிறது சட்டம்.
காரணத்தைக் கேட்கச் சொல்லவில்லை.
ஆனாலும் சொல்கிறார்கள்,
கார்டு இயந்திரம் யோசிக்கும் அந்த நான்கு நொடியில்,
அன்றிரவு எங்கிருந்தேன் என்று
யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கும்
குற்றவாளி மாதிரி.

இழுவைப் படகில் இன்ஜின் பார்க்கும் தூர்கெய்ர்
எதையும் இரண்டு புட்டியாகத்தான் வாங்குவான்.
ஒன்று குடிக்க.
இன்னொன்று, முதலாவது தீர்ந்ததே என்று
வருத்தப்படாமல் இருக்க.
மூன்று வாங்கிய நாளில் மட்டும்
ஒன்றும் சொல்லாமல் போனான்.

பல் மருத்துவர் ஸ்வான்ஹில்டுக்கு
லேபிளில் அச்சுப்பிழை வேண்டும்.
ஸ்காட்லாந்துக்கு ஓர் எழுத்து குறைந்தது,
ஆலை தொடங்கிய வருஷம் தலைகீழானது.
மூடி திறப்பதேயில்லை.
வீட்டு அலமாரியில் நிற்கின்றன,
அவர் திருத்த மனமில்லாமல் விட்ட கோணல் பற்கள்.

"விலை இறங்கியிருக்கிறது" என்றான் ஹோவார்.
இறங்கவில்லை.
மனைவி பக்கத்தில் நின்றாள்.
நானும் தலையாட்டினேன்.

அந்த ஆலையை இழுத்து மூடிவிட்டார்களாம் என்று
ஓடி வந்தார்கள் ஒரு வாரம் முழுக்க.
அதுவரை அதன் பெயரைக்கூட உச்சரிக்காதவர்கள்.
பழகாதவர் வீட்டுத் துக்கத்துக்குப் போய்
முன்வரிசையில் அழுகிற கூட்டம்.
நானும் ஒன்று எடுத்து வைத்தேன்.
என் காரணத்தைக் கேட்க
கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஆளில்லை.

பிறகு நவம்பர் கடைசி, சூரியன் எழாத வாரம்,
ஐலா தீவிலிருந்து வந்தது
எங்கள் கடைக்கென்று ஒன்றே ஒன்று.
இருபத்தாறு வருஷம் பீப்பாயில் கிடந்து
காற்று குடித்தது போக மீதி.

திறப்பது பத்து மணிக்கு.
ஐந்தரைக்கே மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டான் ஓர்யான்.
தான்தான் முதல் ஆள் என்று நினைத்தான்.
கதவோரம் ஒரு கம்பளிப் போர்வை.
போர்வை திரும்பியது.
ராக்ன்ஃப்ரிட்.
பதினொரு வருஷம் அவனுக்குப் பெண்டாட்டி,
நாலு வருஷமாய் இல்லை.

நாலரை மணி நேரம்
ஒரே சுவரில் சாய்ந்திருந்தார்கள்.
பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினாளாம்.
வாங்கிக்கொண்டானாம்.
பேச்சு எதுவும் இல்லையாம்.
மூன்றாவதாக நின்ற ஹோவார் சொன்னது.

அரை மாதச் சம்பளத்தைக் கட்டினாள்.
நான் பார்த்து அவள் குடித்ததில்லை.
கேட்கவுமில்லை. அவளே சொன்னாள்:
"காசைக் கரியாக்குகிறாய், காசைக் கரியாக்குகிறாய் என்று
வீட்டில் கத்திக்கொண்டே இருந்தேன்.
கரி எப்படி இருக்கும் என்று
நானும் பார்க்க வேண்டாமா?"

ஓர்யான் கீழ்த்தட்டில் குனிந்து
கையைக் கடிக்காத ஏதோ ஒன்றை எடுத்துவந்தான்.
காரணம்:
"வந்ததற்கு."

அதன்பின் வாராவாரம் கேட்பான்,
அந்தப் புட்டி வேறு எந்த ஊர்க் கடையிலாவது கிடக்கிறதா என்று.
கணினியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவேன்.

ஜனவரியில் அவள் வந்தாள், எதுவும் வாங்காமல்.
"இது ஏன் ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது?"
கடற்பாசி, சதுப்பு மண், அதை எரித்த புகை என்று
பயிற்சியில் படித்ததை ஒப்பித்தேன்.
பாதியில் நிறுத்தினாள்.
"மோசம் என்று சொல்லவில்லையே."

பிப்ரவரியில் ஓர்யான்.
கணினியைத் தட்டக் கையெடுத்தேன்.
வேண்டாம் என்றான்.
ரொட்டிக்கு ஏற்ற வெள்ளை ஒயின் இருக்கிறதா என்றான்,
அவன் ஒயின் வாங்கி நான் கண்டதில்லை.

அவன் கோட்டில் லேசாகப் புகை வாசம்.
இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் விறகடுப்பு.

ரசீது வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.